கழுத்தில் பெருக்கல் குறி

மூன்று பேருக்கும் ஒரே சனி ஞாயிறில் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. டிரைவர் என்று எல்லோரும் கூப்பிடும் தோழி ஓட்டுவது பள்ளிப் பேருந்து. பள்ளி இல்லாத நாளில் யாராவது கல்யாணத்துக்கு வண்டியைப் பேசிவிடுவார்கள். நாத்தனார் அழகுப் பொருள் கடையில் விற்பனைக்கு நிற்பவள்; அங்கே வார இறுதியில்தான் கூட்டம் மொய்க்கும். மூன்றாமவளான அண்ணி வேலை பார்த்ததோ தன் கணவனின் அண்ணன் நடத்திய பட்டறையில். சொந்தக்காரர் பட்டறையில் லீவு கேட்பது போன்ற சங்கடம் வேறில்லை. “நம்ம பட்டறைதானேம்மா” என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்.

வாயு நிரப்பும் இரும்பு சிலிண்டர்களைச் சோதித்துக் கொடுப்பதுதான் அங்கே தொழில். உள்ளே தண்ணீரை நிரப்பி, பம்பு வைத்து அழுத்தி, சிலிண்டரின் உடம்பு எவ்வளவு உப்புகிறது என்று அவள் அளந்து பார்ப்பாள். அழுத்தத்தை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டால் சிலிண்டர் நல்லது. திரும்பாமல் உப்பியபடியே நின்றால் அதன் கதை முடிந்தது. அப்படிப்பட்டதன் கழுத்தில் உளியை வைத்து ஒரு பெருக்கல் குறி அடிப்பாள். பிறகு அதை இரண்டாக அறுத்துப் போட வேண்டும், அது சட்டம். அவள் இடதுகைக்காரி. அவள் அடிக்கும் பெருக்கல் குறியில் ஒரு கோடு மட்டும் நீண்டு, சரிந்து, குடித்தவன் மாதிரி நிற்கும். பதினோரு வருஷமாக இதையே செய்ததில் பட்டறையில் அவளுக்கு முத்திரையம்மா என்று பெயராகிவிட்டது. டிரைவர் அதையும் சுருக்கி முத்திரை என்று கூப்பிடுவாள்.

ஆறு மாதம் பேசிப் பேசியே கழிந்த பிறகு, ஒரு வழியாக மூவரும் பெரிய நகரத்துக்கு ரயிலேறினார்கள். இரண்டு நாள், தெருச் சந்தைகளை மட்டும் சுற்றுவது, வேறு எதையும் எட்டிப் பார்ப்பதில்லை என்று திட்டம். மூன்றாவது மாடியில், இரண்டு கட்டில்கள் போட்ட அறை கிடைத்தது. நடுவில் படுப்பது யார் என்று சீட்டுப் போட்டார்கள். டிரைவருக்கு விழுந்தது.

“நான் குறட்டை விடுவேன். அப்புறம் ரெண்டு பக்கமும் புகார் சொல்லக் கூடாது” என்றாள் டிரைவர்.

சனிக்கிழமை காலை பொத்தான் தெருவில் தொடங்கினார்கள். தெரு முழுக்கப் பொத்தானும் ஜிப்பும் நாடாவும்தான். அடுத்தது பழைய கடிகாரத் தெரு. அதைத் தாண்டி மூக்குக்கண்ணாடிச் சட்டங்களைத் துணியில் கொட்டி விற்கும் தெரு. நாத்தனார் பேரம் பேசும் அழகைப் பார்க்க நாலு பேர் கூடிவிட்டார்கள். கடைக்காரரையே தன்னுடைய பக்கம் நின்று பேசவைத்துவிடுவாள் அவள். டிரைவர் சட்டமொன்றை மாட்டிக்கொண்டு, “இதுல நான் தலைமை ஆசிரியை மாதிரி இல்ல?” என்றாள். “தலைமை ஆசிரியையைக் கடிச்ச மாதிரி இருக்கு” என்றாள் நாத்தனார். சிரித்துச் சிரித்து முத்திரையம்மாவுக்கு வயிறு வலித்தது. இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

பொம்மைச் சந்தைக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு பக்கமும் கடை, நடுவில் ஆள், ஆளுக்கு இடையில் குழந்தை. கூட்டம் அவர்களைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு பலூன் வண்டியின் மேல் சாய்த்தது. நான்கு சக்கரத் தள்ளுவண்டி. மேலே மீனும் குதிரையும் நட்சத்திரமுமாகப் பலூன்கள். வண்டியின் ஓரத்தில் சங்கிலியால் கட்டி நிறுத்தியிருந்தது நீல நிற சிலிண்டர் ஒன்று.

சிலிண்டரைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போனால்கூட ஆக்சிஜன் சிலிண்டரின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். இப்போதும் தன்னையறியாமல் கட்டைவிரலால் தடவினாள். இரும்பு சுட்டது. பெயின்ட்டுக்கு அடியில் ஒரு கோடு. அதைக் குறுக்கே வெட்டி இன்னொரு கோடு. இரண்டாவது கோடு நீண்டு, சரிந்து போயிற்று.

அவள் கையை எடுக்கவில்லை. மறுபடி தடவினாள். 

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரே நாளில் ஏழு சிலிண்டர்களைக் கழித்திருந்தாள். அறுக்கும் இயந்திரம் பழுது. “பின்னாடி கொட்டகையில போடும்மா, நான் பாத்துக்கறேன்” என்றார் கணவனின் அண்ணன். மாமா என்றுதான் அவரை அழைப்பாள். ‘அறுத்து அழிக்கப்பட்டது’ என்று பதிவேட்டில் எழுதி, அதன் கீழே அன்றைக்கே கையெழுத்தும் போட்டுவிட்டாள். மறுநாள் காலையில் சோதனை அதிகாரி வருவதாக இருந்தது. நம்ம மாமாதானே என்று நம்பினாள்.

குனிந்து சிலிண்டரின் அடியைப் பார்த்தாள். ஓரத்தில் துரு அரித்துப் பெயின்ட் செதில் செதிலாக எழும்பியிருந்தது. அதற்கு மேலே லேசாக ஒரு புடைப்பு. தெரியாதவர் கண்ணுக்குப் படாது. அவள் அளவுகோல் வைத்து அளந்த புடைப்பு அது.

பலூன்காரர் ஒரு நட்சத்திரத்தை சிலிண்டரின் வாயில் மாட்டி வால்வைத் திருகினார். புஸ்ஸென்று காற்று ஏறியது. சுற்றிலும் இருபது குழந்தைகளாவது இருக்கும். ஒரு சின்னப் பெண் சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்து நின்றாள். நாலடி தள்ளிப் பலகாரக் கடையில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

அவள் நாத்தனாரின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “இது நம்ம சிலிண்டர். நான் கழிச்சது. என் கையால அடிச்ச குறி.”

“என்ன அண்ணி உளர்றீங்க? அதையெல்லாம் அறுத்துட்டதா பெரியண்ணன் சொன்னாரே!”

“அறுக்கலை. வித்திருக்கார். இது வெயில்ல நிக்குது. எப்ப வேணாலும் வெடிக்கும்.”

நாத்தனாரின் முகம் வெளுத்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள். “சரி, கூட்டத்தை விலக்குவோம். ஆனா பட்டறை பேரை மட்டும் எடுக்காதீங்க. ரிப்பேருன்னு சொல்லுங்க, ஏதாவது சொல்லுங்க. அண்ணனை ஜெயில்ல போட்டுடுவாங்க.”

அதற்குள் டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். “எவ்வளவு தூரம் விலகணும்?”

“தெருவே விலகணும். ஆனா ஓடக் கூடாது. ஓடினா குழந்தைங்க மிதிபடும்.”

“அதை என்கிட்ட விடு.”

டிரைவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அறுபது பிள்ளைகளைத் தினமும் இரண்டு வேளை ஏற்றி இறக்குகிறவள். அவள் பலூன் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இருபதடி தள்ளிப் போய் விசிலை ஊதி, “பிள்ளைங்கள்லாம் இங்க வாங்க! வரிசையா நிக்கிறவங்களுக்குத்தான் பலூன்! அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு வரணும்! பின்னாடி, இன்னும் பின்னாடி!” என்று கத்தினாள். பிள்ளைகள் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டார்கள். பெரியவர்களும் ஏனென்று தெரியாமலே நகர்ந்தார்கள். சிலிண்டரைக் கட்டிப் பிடித்திருந்த சின்னப் பெண் மட்டும் விடவில்லை. டிரைவரே வந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் பின்னால் நடந்தாள்.

பலூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு கோபம் வந்தது. “யாரும்மா நீங்க? என் வியாபாரத்தைக் கெடுக்கவா வந்தீங்க? அந்தக் கோடிக் கடைக்காரன் அனுப்பிச்சானா?”

“இல்லண்ணே. இந்த சிலிண்டர் சரியில்ல. வெடிச்சிடும். வால்வைத் தொடாதீங்க.”

“ரெண்டு வாரமா ஓட்டறேன், வெடிக்கலையே!” கோபத்தில் அவர் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்து ஆட்டினார். சங்கிலி கடகடவென்று அதிர்ந்தது. 

“ஆட்டாதீங்க!” முத்திரையம்மா போட்ட கூச்சலில் அவரே திடுக்கிட்டுக் கையை எடுத்தார். “அண்ணே, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், ஆட்டாதீங்க. உள்ள என்ன காத்து?”

“பலூன் காத்து.”

“விலை கூடினதா, குறைஞ்சதா?”

அவர் வேறு பக்கம் பார்த்தார். அப்படியானால் விலை குறைந்தது, தீப்பற்றி எரியும் வாயுதான். பலகாரக் கடை அடுப்பின் நீலச் சுவாலை அவள் கண்ணில் குத்தியது.

“உனக்கென்ன தெரியும்?” என்றார் அவர் மறுபடியும். “ஊர்ல இருக்கறவன் எல்லாம் வந்து, அது நொள்ளை இது நொட்டைன்னு சொன்னா நான் கடையை மூடிட்டுப் போயிடணுமா? சிலிண்டர் கெட்டுப்போச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

நாத்தனார் அவள் விரல்களைப் பிடித்து நெரித்தாள். வேண்டாம் அண்ணி என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது. முத்திரையம்மா கையை விடுவித்துக்கொண்டாள்.

“ஏன்னா, நான்தான் இதைக் கெட்டதுன்னு குறி போட்டவ. கழுத்தைத் தடவிப் பாருங்க, பெயின்ட்டுக்கு அடியில பெருக்கல் குறி இருக்கும். ஒரு கோடு நீளமா இருக்கும். எங்க பட்டறையில இருந்துதான் இது வந்திருக்கு. அறுத்துட்டோம்னு பொய்யா கையெழுத்துப் போட்டதும் நான்தான். தப்பு எங்க மேல. நீங்க ஏமாந்துட்டீங்க.”

பலூன்காரர் தயங்கித் தயங்கி விரலை வைத்தார். கோட்டின் மேல் விரல் போயிற்று, நின்றது, நீண்ட கோட்டின் வழியே சரிந்தது. தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு யாரும் பொய் சொல்வதில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் முகம் மாறிவிட்டது.

“இப்ப என்ன செய்யணும்?” என்றார், வேறு ஆள் பேசுவது போல.

“வண்டியை நகர்த்தக் கூடாது. குளிர வைக்கணும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா காத்தை வெளிய விடணும். முதல்ல சுத்தி இருக்கற அடுப்பு எல்லாம் அணையணும்.”

நாத்தனார் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு விறுவிறுவென்று பலகாரக் கடைக்கு நடந்தாள். வாடிக்கையாளரிடம் பேசும் அதே இனிப்பான குரலில், “அண்ணாச்சி, வாயு கசியுது. அரை மணி நேரம் அடுப்பை அணைச்சுட்டு அந்தப் பக்கம் வந்திடுங்க. உங்க எண்ணெய் எங்கயும் போகாது” என்றாள். அவர் முறைத்தார். அவளே கையை நீட்டி அடுப்பின் திருகை மூடினாள். அடுத்துத் தேநீர்க் கடை. அதற்கடுத்து ஒரு சாம்பிராணிக் கடை. சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவரின் வாயிலிருந்தே பிடுங்கிச் சாக்கடையில் போட்டாள். தெருமுனையிலிருந்து தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தவளும் அவள்தான். இந்த நெரிசலில் வண்டி உள்ளே வர ஒரு மணி நேரமாகும் என்று பதில் வந்தது.

ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாது. நிழல் இன்னும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பூக்கடையில் ஈரச் சாக்குகள் கிடைத்தன. அவளும் பலூன்காரரும் ஒவ்வொன்றாகச் சிலிண்டரைச் சுற்றிப் போர்த்தி, வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றினார்கள். சாக்கிலிருந்து ஆவி எழும்பியது. ஆவி அடங்கும்வரை ஊற்றினார்கள். தெரு காலியாகியிருந்தது. இருபுறமும் ஐம்பதடி தூரத்தில் ஜனம் சுவர் மாதிரி நின்றது.

“நீங்களும் போங்கண்ணே.”

“என் வண்டி. நான் திறக்கறேன்.”

“வேகமா திறந்தா அதுவே பத்திக்கும். எனக்குக் கை பழகியிருக்கு. போங்க.”

அவர் கொஞ்ச தூரம் போய் நின்றார். அதற்கு மேல் போக மறுத்துவிட்டார்.

அவள் சிலிண்டரின் புடைப்பு இல்லாத பக்கமாக மண்டியிட்டாள். பட்டறையில் என்றால் இடையில் கான்கிரீட் சுவர் இருக்கும். இங்கே நான்கு ஈரச் சாக்குகள் இருந்தன. வால்வில் இடது கையை வைத்தாள்.    மயிரிழை அளவு திருகினாள்.

இஸ்ஸ் என்று மெல்லிய சீறல். அவ்வளவுதான்.

அந்தச் சீறல் ஒரே சீராக இருக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். விடுதிச் சமையல்காரனான கணவன் இந்நேரம் ஊரில் மதியப் பாத்திரங்களைக் கழுவவிட்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்குப் போன் செய்திருக்கலாமோ என்று நினைத்தாள். முட்டி மரத்துப்போயிற்று. திடீரென்று இரும்புக்குள்ளிருந்து டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். இன்னொரு டிக். குளிரும்போது இரும்பு சுருங்கும் சத்தம்தான் அது. பதினோரு வருஷத்தில் ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். தெரிந்திருந்தும் கண்களை மெதுவாகத்தான் திறந்தாள்.

பின்னால் காலடிச் சத்தம். திரும்பாமலே தெரிந்தது. நாத்தனார் இன்னொரு வாளித் தண்ணீருடன் வந்திருந்தாள்.

“எதுக்குடி வந்த? போ!”

“சாக்கு காயுது அண்ணி.”

“போன்னு சொல்றேன்ல!”

நாத்தனார் தண்ணீரை நிதானமாக ஊற்றி முடித்துவிட்டுத்தான் போனாள்.

சீறல் இளைத்து, விட்டு விட்டு வந்து, கடைசியில் அடங்க நாற்பது நிமிஷமாயிற்று. வால்வை முழுக்கத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள், கால்கள் ஒத்துழைக்கவில்லை. பலூன்காரர் ஓடிவந்து தாங்கினார். தீயணைப்பு வண்டி தெருமுனையில் மணியடித்தது அப்போதுதான்.

தீயணைப்பு அதிகாரி கண்டிப்பானவர். உங்களை யார் தொடச் சொன்னது என்று முதலில் ஏசினார். சிலிண்டரின் அடியைப் புரட்டிப் பார்த்த பிறகு ஏசவில்லை. விசாரணை என்றால் எங்கே வர வேண்டும் என்று பலூன்காரரிடம் மட்டும் முகவரி வாங்கிக்கொண்டு, சிலிண்டரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பட்டறையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. உடம்பில் தெம்பில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அறைக்குத் திரும்பியதும் நாத்தனார் மெதுவாக ஆரம்பித்தாள். “மீதி ஆறையும் நாமளே தேடி எடுத்து அழிச்சுட்டா, இதை இத்தோட விட்டுடலாமே அண்ணி?”

டிரைவர் இருவரையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஆறும் கிடைச்சா பேசிக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய இரும்புச் சந்தை. சிலிண்டரை வாங்கிய கடையைப் பலூன்காரரே காட்டினார். அச்சுமுறிந்த இயந்திரங்களுக்கும் கப்பல் சங்கிலிகளுக்கும் நடுவே, புதிதாக நீலம் பூசி ஐந்து சிலிண்டர்கள் படுத்திருந்தன. அவள் ஒவ்வொன்றின் கழுத்தையும் தடவினாள். ஐந்திலும் அவள் கை.

“இன்னொண்ணு எங்க?” என்றாள்.

இரும்புக்கடைக்காரர் முதலில் இல்லையென்று சாதித்தார். பலூன்காரர் நேற்று நடந்ததைச் சொன்னதும் அவர் வாய் திறந்தது. “போன வாரம் ஒருத்தர் வேன்ல ஏத்திட்டுப் போனார். யாருன்னு தெரியாது. சத்தியமா தெரியாதும்மா.”

அவள் அங்கேயே ஒரு சங்கிலிக் குவியலின் மேல் உட்கார்ந்து மாமாவுக்குப் போன் போட்டாள். சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நீ சும்மா இருந்தா யாருக்கும் தெரியப்போறதில்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கம்மா. பதிவேட்டுல இருக்கற கையெழுத்து என்னோடது இல்ல, உன்னோடது” என்றார். குரலில் கோபமே இல்லை. வீட்டில் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்கும் அதே குரல்.

 போன் ஒலிபெருக்கியில் இருந்தது. நாத்தனார் அதை வாங்கிக்கொண்டாள்.

“அண்ணே, நான்தான் பேசறேன். நேத்து ஒரு குழந்தை அந்த சிலிண்டரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னுது. நான் பாத்தேன்.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “ஏழாவது எங்க இருக்குன்னு எங்களால தேட முடியாது. போலீஸ்தான் தேடணும். நாங்க இப்ப தீயணைப்பு நிலையத்துக்குப் போறோம். நீங்களும் ஒரு வக்கீலைப் பாத்துக்கங்க.”

போனை அணைத்துவிட்டு அவள் அழத் தொடங்கினாள். நிலையம் வரைக்கும் அழுதுகொண்டேதான் நடந்தாள். ஆனால் நடையைத் தளர்த்தவில்லை.

நேற்றைய அதிகாரியே இருந்தார். முத்திரையம்மா ஏழு சிலிண்டர்களின் எண்களையும் மனப்பாடமாகச் சொன்னாள். பொய்க் கையெழுத்தையும் சொன்னாள். இரும்புக்கடையில் கிடந்த ஐந்தையும் எடுத்துவர அவர் ஆள் அனுப்பினார். எல்லாவற்றையும் எழுதி முடிக்க இரண்டு மணி நேரமாயிற்று. சாயங்கால ரயிலைப் பிடிக்க டிரைவர் ஓடிப்போய்ச் சீட்டு வாங்கி வந்தாள். 

அதன் பிறகு நடந்தது எதுவும் சுலபமாக இல்லை. பட்டறைக்கு முத்திரை வைத்தார்கள். மாமாவை அழைத்துப் போய் மூன்று நாள் வைத்திருந்து ஜாமீனில் விட்டார்கள், வழக்கு பதிவாயிற்று. அவளுடைய சோதனைச் சான்றிதழை ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். அது சரிதான் என்று அவளே சொன்னாள். மாமியார் அவள் முகத்தில் விழிப்பதில்லை. “நீ செஞ்சதுல தப்பே இல்ல. அண்ணன் எதிர்ல வந்தா மட்டும் எனக்குக் கால் வேற பக்கம் போகுது” என்றான் கணவன். நாத்தனார் தன் பெற்றோர் வீட்டில் பேச்சில்லாமல் போய், பெட்டியோடு அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இத்தனையையும் அவளால் தாங்க முடிந்தது. தாங்க முடியாதது அந்த ஏழாவதுதான். சாலையில் நீல நிறத்தில் எதைப் பார்த்தாலும் நின்றுவிடுவாள். செய்தியில் எங்காவது வெடிச்சத்தம் என்று வந்தால் ஊர் பெயரைக் கேட்கும்வரை கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகாது.

ஊர் திரும்பிய பதினோராம் நாள் மதியம் போன் வந்தது. நகரத்துத் தீயணைப்பு அதிகாரி. ஏழாவது, கார்களுக்கு வண்ணம் அடிக்கும் ஒரு கொட்டகைக்குப் போயிருந்ததாம். வாங்கியவர் அதை நிரப்ப அனுப்பியிருந்தாராம். நிரப்பும் இடத்தில் தீயணைப்புத் துறையின் சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு எண்ணைச் சரிபார்த்துத் தகவல் சொல்லியிருக்கிறார்கள்.

“காலியாத்தான் இருந்துச்சும்மா. என் முன்னாடியே அறுத்தாச்சு” என்றார் அவர்.

அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலைக்குக் கிளம்பி நின்ற நாத்தனார் ஓடிவந்து, “என்ன அண்ணி? வெடிச்சிடுச்சா? சொல்லுங்க!” என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்ட முடிந்தது அவளால். நாத்தனாரும் கடைச் சீருடை கசங்குவதைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று அவள் கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போனாள்.